சைலன்சருக்கு இருக்கிற காசு பிரேக்குக்கு இல்லையா?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் சண்டைக்கு வரக்கூடாது. எனக்கு பைக் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு, வெறுப்பு கிடையாது. ஆனால் "பைக்குன்னா உயிரு மச்சி" என்று மார்தட்டுகிற கூட்டத்தில் போய், "செயினுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். அந்த முழியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் திருப்பருத்திக்குன்றம் சின்ன ஊர். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுப் பக்கம். தறிச் சத்தமும், ஜினகாஞ்சி என்று பேர் வாங்கிக் கொடுத்த சமணக் கோயிலும்தான் ஊரின் அடையாளம். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபம் அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்று சொன்ன தீர்த்தங்கரர்களின் கதை அதன் விதானத்தில் ஓவியமாக இருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊர்ப் பக்கம் ஞாயிறு காலை ஐந்தரைக்கு நாலு வண்டி வரிசையாகப் பட்டாசு வெடித்துக்கொண்டு போகிறது. கைக்குழந்தை வைத்திருக்கிற வீட்டில் என்ன நிலைமை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

போகிற இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைகேட்டில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, வேலூர் தாண்டி, ஆம்பூரில் பிரியாணி, அப்படியே ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு. தைரியம் ஜாஸ்தி இருந்தால் ஒரு நாள் கொல்லிமலையின் 70 வளைவு. நல்ல விஷயம்தான், போகட்டும். ஆனால் அந்த வண்டிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். சைலன்சர் மாறியிருக்கும். ஹேண்டில்பார் மாறியிருக்கும். எதிரே வருகிறவன் கண்ணைக் குருடாக்குகிற எல்இடி விளக்கு ஏறியிருக்கும். டேங்க்கில் மண்டை ஓடு ஸ்டிக்கர். மாறாதது எது தெரியுமா? பின் டயர். அது பிறந்த நாளிலிருந்து அதே டயர். மொட்டைத் தலை மாதிரி பளபளவென்று இருக்கும்.

பி.காம். படிக்கிறவன் இதை எப்படிப் பார்ப்பான்? கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். ஒரு சொத்தின் உழைக்கும் திறனைக் கூட்டினால் அது மூலதனச் செலவு. இருக்கிற திறனைக் கெடாமல் காப்பாற்றினால் அது வருவாயினச் செலவு. செயின், பிரேக் ஷூ, என்ஜின் ஆயில் எல்லாம் இரண்டாவது ரகம். அப்படியானால் வெடிச் சத்த சைலன்சர் எந்த ரகம்? வண்டியின் திறனையும் கூட்டவில்லை, ஆயுளையும் காப்பாற்றவில்லை. என்னைக் கேட்டால் அதைக் கற்பனைச் சொத்துக் கணக்கில்தான் எழுத வேண்டும் :-) தேய்மானம் மட்டும் கற்பனை இல்லை. நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும்.

"அதெல்லாம் ராயல் என்ஃபீல்டோட பாரம்பரியம்பா, சத்தம்தான் அதுக்கு அழகு" என்பார்கள். பாரம்பரியம் பற்றிப் பேசலாமா? 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வந்தது. தாய் கம்பெனி மூடிப்போன பிறகும் சென்னையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1994-ல் ஐஷர் கைக்குப் போனது. 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகால் என்று தொழிற்சாலைகள் நம்ம ஊர்ப் பக்கமே வந்துவிட்டன. ஆகவே இந்தப் பாரம்பரியத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தப் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை ஸ்டார்ட் செய்வதே ஒரு படிப்பு. ஆம்மீட்டர் முள் நடுவில் வருகிற வரைக்கும் கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அப்புறம்தான் முழு உதை. அவசரப்பட்டால் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். டேப்பட் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி எல்லாவற்றையும் ஓட்டுகிறவரே பார்த்து வைத்தார். பார்க்காவிட்டால் வண்டி கிளம்பாது. அந்தத் தலைமுறையின் பாரம்பரியம் என்பது கையில் ஒட்டிய கிரீஸ். டப் டப் சத்தம் அதற்குக் கிடைத்த கூலி. அதற்கு அப்புறம் வந்த யூசிஇ என்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட். அதைத் திருகி வைக்கிற வேலையே இல்லை. இப்போது ஊசிமுனை எரிபொருள், ஏபிஎஸ், பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். வண்டி சுலபமானது நல்லதுதான். ஆனால் கிரீஸை விட்டுவிட்டு சத்தத்தை மட்டும் பாரம்பரியம் என்று எடுத்துக்கொண்டோமே, அதுதான் அநியாயம்.

அடுத்த வாதம் இன்னும் வேடிக்கை. "சத்தம் இருந்தால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், அது பாதுகாப்பு." சைலன்சரின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது சார்? பின் பக்கம். முன்னால் போகிற லாரிக்காரர் தன் என்ஜின் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சத்தம் அவருக்குக் கேட்பதற்குள் நீங்கள் அவர் பக்கத்தில் வந்திருப்பீர்கள். அது நன்றாகக் கேட்பது தெருவில் தூங்குகிறவர்களுக்குத்தான். சட்டமும் இதைப் பாதுகாப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனியின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஒலி, காற்று மாசு வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் நிலைமை.

சத்தத்தை விடுங்கள். உயிர் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. இதெல்லாம் டயர் தேய்ந்ததால் வந்தது என்று பீலா விட மாட்டேன். வேகம், குடி, ஹெல்மெட் இல்லாதது என்று பல காரணங்கள். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. குறுக்கே ஒரு மாடு வரும்போது உங்களுக்கும் அதற்கும் நடுவே இருப்பது இரண்டு பிரேக்கும், தரையைத் தொடுகிற உள்ளங்கை அளவு ரப்பரும்தான். சைலன்சர் அந்தக் கணக்கிலேயே வராது.

மற்றதும் அப்படித்தான். தொங்குகிற செயின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு நழுவிச் சிக்கினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் அது என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். டிஸ்க் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மாற்றாமல், ஏலகிரி இறக்கத்தில் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். இதில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற மேதாவிகள் வேறு. இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்யும் ஐயா! டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்த டயர். உங்கள் டயரின் வயசு உங்களுக்குத் தெரியுமா?

"அதுக்குத்தான் சர்வீஸ் விடுறோமே" என்பது கடைசி சால்ஜாப்பு. சர்வீஸ் மூன்று மாதத்துக்கோ நாலு மாதத்துக்கோ ஒரு முறை. நீங்கள் போவது வாராவாரம். மழையில் ஒரு நாள் ஓடினாலே செயின் எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும். அடுத்த சர்வீஸ் வரைக்கும் அது காத்திருக்குமா? வாரம் முழுக்க மூடி வைத்து ஞாயிறு மட்டும் எடுக்கிற வண்டிக்குத் தொல்லை இன்னும் அதிகம். பேட்டரி இறங்கும், டயர் காற்று குறையும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் பாகங்கள் இதற்காகச் செய்தவை இல்லை. தினமும் ஓட்டுகிறவனைவிட வாரக் கடைசி ஆசாமிதான் அதிகம் கவனிக்க வேண்டும். நடப்பது தலைகீழ்.

உண்மையான வண்டிக்காதல் பார்க்க வேண்டுமா? எங்கள் பக்கத்து நெசவாளர்களின் எக்ஸ்எல் வண்டிகளைப் பாருங்கள். பாவும் பட்டும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டி. பெயின்ட் போயிருக்கும், சீட் கிழிந்திருக்கும். ஆனால் பிரேக் பிடித்தால் நிற்கும். ஏனென்றால் அது நின்றுபோனால் அன்றைக்குக் கூலி இல்லை. தறியில் அவருக்கு உள்ள பழக்கமும் இதுதான். ஒரு இழை அறுந்தால் அங்கேயே நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நாடாவை ஓட்டுவார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் புடவை முழுக்க கோடு விழும். அவர் தன்னை பைக்கர் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஜாக்கெட்டும் கிடையாது. அந்தப் பட்டத்துக்கு நம்மில் பலரைவிட அவருக்குத்தான் தகுதி.

இதற்கெல்லாம் சொத்தை விற்க வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் போதும். வண்டி சூடாகும் முன் டயர் காற்று. செயினைத் துடைத்து எண்ணெய், தொய்வு மேனுவலில் போட்டிருக்கிற அளவு. முன் பின் பிரேக். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிளில் பிரிந்த இழை இருக்கிறதா என்று ஒரு பார்வை. எல்லா விளக்கும். என்ஜின் ஆயில் அளவு. ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். மிஞ்சின நேரத்தில் தாராளமாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த அரை மணி நேரத்துக்குப் பொறுமை இல்லை என்றால் ஏலகிரிக்கு பஸ்ஸில் போய் வாருங்கள். பிரியாணி அதே ருசிதான். வண்டியை உயிர் என்று சொல்கிறவன் முதலில் அதன் பிரேக்கைப் பார்க்கட்டும். பின்னால் உட்கார்ந்து வருகிறானே ஒரு நண்பன், அவன் உயிரும் அந்த பிரேக்கில்தான் இருக்கிறது.