கொலைக்குக் கணக்கு கேட்கும் நாள்

ஆகஸ்ட் 19 உலக மனிதநேய நாள். 2003இல் அந்தத் தேதியில்தான் பாக்தாத் கனால் ஹோட்டலில் இயங்கிய ஐ.நா. அலுவலகத்தின் மீது லாரி குண்டு வெடித்தது. தலைமைத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தனர். 2008இல் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளையே நினைவு நாளாக அறிவித்தது.

வாழ்த்துச் செய்திகளுக்குக் குறைவில்லை. குறைவது பாதுகாப்புதான். 2024இல் மட்டும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது, ஏறத்தாழ பாதிப்பேர் காசாவில். இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர். அந்தந்த ஊரின் ஓட்டுநர்கள், செவிலியர்கள், மூட்டை இறக்குபவர்கள். இவர்கள் பெயர் தலைப்புச் செய்தியாவதில்லை.

இது நமக்குத் தொலைதூரச் சங்கதியும் அல்ல. 2006 ஆகஸ்ட் 4 அன்று, திருகோணமலை மாவட்டத்தின் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப்.பின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர்கள். அந்த ஒருவர் முஸ்லிம். சுனாமியால் நொடிந்தவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தவர்கள். விசாரணை ஆணைக்குழு வந்தது, போனது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

2024 மே மாதம் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2730ஆம் தீர்மானம், இத்தகைய தாக்குதல்களை விசாரிக்கும்படி அரசுகளைக் கேட்கிறது. இரங்கல் அறிக்கை எழுதும் அரசுகள் முதலில் தங்கள் பழைய கோப்புகளைத் திறக்கட்டும். கொழும்பு, மூதூர் கோப்பிலிருந்து தொடங்கலாம்.