இதயம் 'மூட் அவுட்' ஆனா..?

இந்த வாரம் அரட்டை கொஞ்சம் சீரியஸ்.

போன வருஷம் செமஸ்டர் நடுவுல அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். கிரிக்கெட்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் முழிச்சிருக்கிற மனுஷன், டி.வி. பக்கமே திரும்பலை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிடுவார். கேட்டா, 'ஒண்ணுமில்லடா'. 'ரெஸ்ட் எடுக்கிறார்'னு நாங்களும் விட்டுட்டோம். ரெண்டு மாசம்! செக்கப்ல டாக்டர் ஈ.சி.ஜி-யைப் பார்த்துட்டு, "நல்லா தூங்குறீங்களா சார்?"னு கேட்டார். அப்பா பேசலை. அழுதுட்டார்.

அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். (டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை இப்படிப் படிச்சிருந்தா அரியர் விழுந்திருக்காது!)

கனடாவின் மான்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கவனிச்ச நான்சி ஃப்ரஷர்-ஸ்மித் குழு, 1993-ல ரிசல்ட் சொன்னாங்க. மனச்சோர்வில் இருந்தவங்க ஆறு மாசத்துக்குள் இறக்கிற ஆபத்து, மத்தவங்களைவிட நாலு மடங்குக்கும் மேல. இதயத்தோட பலவீனத்தைக் கணக்கில் சேர்த்த பிறகும்!

ஏன்? சோர்ந்தவங்க மாத்திரையை மறப்பாங்க, வாக்கிங் போகமாட்டாங்க. அது ஒரு பக்கம். இன்னொண்ணு, டெங்கு சீசன்ல 'கவுன்ட் எவ்வளவு?'னு கேப்போமே, அந்த பிளேட்லெட்ஸ். காயம்பட்டா ஒண்ணோடொண்ணு ஒட்டி ரத்தத்தை நிறுத்துறதுதான் அதுங்க வேலை. இதயத்து ரத்தக்குழாய்க்குள்ள கொழுப்புப் படிவு வெடிச்சாலும், காயம்னு நினைச்சு ஓடிவந்து ஒட்டிக்கும். அடைப்பு! மனச்சோர்வு இருக்கிறவங்ககிட்ட இந்த பிளேட்லெட்ஸ் சட்டுனு உசுப்பேறுதுனு 1996-ல அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. நம்ம மூடோட சம்பந்தப்பட்ட செரட்டோனின் இருக்கே, ரத்தத்தில் அதோட ஸ்டாக் கிட்டத்தட்ட முழுசா பிளேட்லெட்ஸுக்குள்ளதான். ஒட்டும்போது அதைக் கக்கி, பக்கத்துல இருக்கிறதையும் கிளப்பிவிடும். பின்னால வந்த எல்லா ஆய்வும் இதை ஒரே குரல்ல ஒத்துக்கலைங்கிறதையும் சொல்லிடறேன்.

'அப்ப மனசைத் தேத்தினா அட்டாக் வராது'னு அவசரப்படாதீங்க பாஸ். 2003-ல வந்த என்ரிச்ட் ஆய்வில் 2,481 பேர். கவுன்சலிங் மனசைக் கொஞ்சம் தேத்துச்சு. சாவையோ அடுத்த அட்டாக்கையோ குறைக்கலை. மனச்சோர்வு மாத்திரைகள் சிலது, ஆஸ்பிரினோட சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். அதனால சொந்த வைத்தியம் நோ! வீட்டில் யாருக்காவது அட்டாக் வந்திருந்தா, தூக்கம், பசி, பேச்சு எப்படினு அவங்க டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவங்க சொல்ல மாட்டாங்க. எங்கப்பா சொல்லலையே!

இப்ப வாரம் ஒரு தடவை கவுன்சலிங் போறார். அடுத்த அட்டாக்கைத் தடுக்குமானு தெரியாது. போன ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலுக்கு போன் பண்ணி, "ஸ்கோர் என்னடா?"னு கேட்டார்.