பூட்டிய வீட்டைத் தேடி வரும் மருத்துவம்

நாட்றம்பள்ளியில் என் சித்தி காலை ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுவார். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் பத்து மணிக்குத் தெருவுக்கு வரும்போது வீடு பூட்டியிருக்கும். சித்திக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பது உண்மை. மருத்துவம் அவரைத் தேடி வந்ததும் உண்மை. ரெண்டும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. படுக்கையில் கிடக்கிற பெரியவருக்கு மாத்திரை வீட்டுக்கே வருவது சின்ன விஷயமா? 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது, தகுதியான விருதுதான். என் சண்டை வேறு: நாம் எதை எண்ணுகிறோம்?

நான் டேஷ்போர்டு செய்து பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் எதை எண்ணுவது சுலபமோ அதுதான் திரையில் பெரிய எழுத்தில் வரும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம். 2023 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த இலக்கும் இதே ரகம்: 2025-க்குள் பிரஷர், சர்க்கரை உள்ள 7.5 கோடிப் பேரைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது. சரி, வந்தவர்களுக்கு பிரஷர் இறங்கியதா?

தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் பதில் இருக்கிறது. 2020-இல் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்கு. 2023-24-இல் 17 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல் முன்னேற்றம், கைதட்டுவோம். ஆனால் மீதி 83 பேர்?

அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பதில், ‘நடங்க’. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள். சித்தியிடம் சொன்னேன்.

“நாள் பூரா மெஷின்ல உக்காந்துட்டு, வந்து சோறாக்கிட்டு, எப்போடா நடக்கறது? ராத்திரி பதினோரு மணிக்கா? நாய் தொரத்தும்.”

“தண்ணியாச்சும் நெறைய குடி சித்தி.”

“குடிச்சா பாத்ரூம் போவணும். எழுந்து போனா லைன் நின்னுடும். சூப்பர்வைசர் கத்துவான்.”

இதற்குத்தான் ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். யாருடைய வாழ்க்கைமுறை? டார்கெட்டைச் சித்தியா போட்டார்? பாத்ரூம் நேரத்தைச் சித்தியா முடிவு பண்ணினார்? நோயை உண்டாக்குவதில் வேலையிடத்துக்குப் பங்கு இருக்கும்போது, பழியை மட்டும் உடம்பின் சொந்தக்காரர் தலையில் கட்டுகிறோம்.

2024-இல் இந்தத் திட்டம் தொழிற்சாலைகளுக்குள்ளும் போகத் தொடங்கியது. நல்லது. ஆனால் ஒருநாள் முகாமில் பிரஷர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து அதே லைனில் உட்காரவைத்தால் என்ன மாறும்? மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் சித்திக்கு அன்றைய சம்பளம் போச்சு. அந்த மருந்தகம் தொழிலாளர் துறையின் கீழ், ஆரம்ப சுகாதார நிலையம் சுகாதாரத் துறையின் கீழ். இரண்டு துறை, இரண்டு பதிவேடு, ஒரே உடம்பு.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. இரண்டு பதிவேட்டையும் இணையுங்கள். ஒரு மாத மாத்திரையைக் கம்பெனியிலேயே கொடுங்கள். தொழிற்சாலை ஆய்வாளர் தீயணைப்பானைப் பார்க்கிற மாதிரி, தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் நேரம் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். டேஷ்போர்டில் ‘மாத்திரை பெற்றவர்கள்’ என்பதைச் சின்ன எழுத்தாக்கி, ‘கட்டுக்குள் வந்தவர்கள்’ என்பதைப் பெரிதாகப் போடுங்கள்.

அதுவரை குறைந்தபட்சம் ஞாயிற்றுக்கிழமை வாங்க. அந்தத் தன்னார்வலருக்கு அதற்குரிய கூலியையும் கொடுங்கள். அவரும் ஊக்கத்தொகைக்கு அலைகிற இன்னொரு சித்திதான். அன்றைக்கு எங்கள் வீடு திறந்திருக்கும்.