“உங்க பையனுக்கு எவ்வளவு கிடைச்சது?”

அமெரிக்க இசைக் கல்லூரிகளில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை ஆடிஷன் காலம். 17, 18 வயதுப் பிள்ளைகள் வாத்தியப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ. ஆசிரியர்கள் முன்னால் வாசிக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் இடம் கிடைப்பதைப் பெருமளவு தீர்மானிக்கும். பல கல்லூரிகளில் உதவித்தொகையும் அதைப் பொறுத்ததே.

ஒரே பிள்ளைகள் பல கல்லூரிகளில் மாறி மாறிச் சந்திப்பதால், காத்திருக்கும் இடத்தில் தெரிந்த முகங்கள் நிறைய இருக்கும். அங்கேதான் அந்தக் கேள்வி வரும்: “போன இடத்துல உங்க பையனுக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப் சொன்னாங்க?” கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. ஐந்து நிமிடத்தில் உள்ளே போய் வாசிக்க வேண்டிய பிள்ளைக்கு அப்படி இல்லை. ‘அவனுக்கு அவ்வளவு, எனக்கு இவ்வளவுதானா?’ என்ற எண்ணத்தோடு வில்லைப் பிடித்தால் கை நடுங்கத்தான் செய்யும்.

தொகை, மதிப்பெண் அல்ல

கல்லூரி ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு வயோலா மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறினால், அந்த ஆண்டு வயோலா வாசிப்பவருக்குத் தொகை கூடலாம். வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் போட்டி அதிகம் என்பதால், நன்றாக வாசித்தவருக்கும் குறையலாம். சில இடங்களில் குடும்ப வருமானமும் கணக்கில் வரும். ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைப் பள்ளியிலோ 1928 முதல் எல்லா மாணவர்களுக்குமே கல்விக் கட்டணம் இல்லை.

மொத்தச் செலவையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 80,000 டாலர் ஆகும் இடத்தில் 30,000 டாலர் கிடைத்தால், மீதி 50,000. 30,000 ஆகும் இடத்தில் 10,000 கிடைத்தால், மீதி 20,000 மட்டுமே. ‘குறைவாக’ வாங்கிய பிள்ளையின் வீட்டுக்குத்தான் கடன் குறைவு.

கேட்டுவிட்டால்?

“இன்னும் எல்லாம் முடிவாகலைங்க, வந்ததும் வீட்ல உட்கார்ந்து பார்க்கணும்” என்று சிரித்தபடி சொன்னால் போதும். பொய்த் தொகையும் வேண்டாம், முகச்சுளிப்பும் வேண்டாம். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் தொகையைப் போடும் முன், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. நெருங்கிய நண்பர்கள் எல்லா முடிவுகளும் வந்தபின் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு விஷயம். அது பயன்படவும் செய்யும்.

கல்லூரியிடம் பேசும்போது

ஆடிஷன் அறையில் பணப் பேச்சை மாணவர் தொடங்கக் கூடாது. ஆசிரியரே கேட்டால், “உதவித்தொகை இல்லாமல் எங்கள் வீட்டில் சமாளிப்பது கஷ்டம்” என்று உண்மையைச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடிதம் கைக்கு வந்தபின், தொகை போதவில்லை என்றால் கூடுதலாகக் கேட்பதும் தவறில்லை. அதைக் கல்லூரி சொல்லும் அலுவலகத்துக்கே எழுத வேண்டும். முதலில் நன்றி, பிறகு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு. வேறு கல்லூரி அதிகம் தந்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் இணைக்கலாம். காய்கறிக் கடைப் பேரம்போல் “அங்கே இவ்வளவு தர்றாங்க, நீங்க?” என்ற தொனி வேண்டாம். “நீங்கள்தான் என் முதல் விருப்பம்” என்று நான்கு கல்லூரிகளுக்கு எழுதுவதும் வேண்டாம். இசை உலகம் சிறியது. ஆசிரியர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள்.

மறுப்பதிலும் மரியாதை

முடிவைத் தெரிவிக்கப் பெரும்பாலான கல்லூரிகள் மே 1 வரை அவகாசம் தருகின்றன. அதற்கு முன்பே ஓரிடம் உறுதியாகிவிட்டால், மற்ற இடங்களுக்கு நன்றி சொல்லி உடனே மறுத்துவிடுவது நல்லது. ஆடிஷனில் கேட்ட ஆசிரியருக்குத் தனியாக இரண்டு வரி எழுதினால் இன்னும் நல்லது. வேண்டாத இடத்தையும் தொகையையும் பெருமைக்காகக் கடைசி நாள்வரை பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் உள்ள வேறொரு பிள்ளை, அந்தத் தொகை வந்தால்தான் கல்லூரிக்கே போக முடியும் என்ற நிலையில் இருக்கலாம்.