இருட்டில் ஓடும் சைக்கிள்

விடியற்காலை மணி ஆறு. தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய சடக்கைத் தொடும் முனையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெரட்டுக்கு விரையும் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் வருகிறார். முன்னால் விளக்கு இல்லை. பின்னால் சிவப்புக் கண்ணாடி இல்லை. உடம்பில் கறுப்புச் சட்டை. வாயிலுள்ள சிகரெட்டு நெருப்பு ஒன்றுதான் அவர் வருகிறார் என்பதற்கு அடையாளம். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்து கொண்டிருக்கிறது.

இது யாரோ ஒருவரின் அசட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. விளக்கின்றிப் போவது, சாலையின் வலப்பக்கமாக எதிர்த்து வருவது, ஒரே சைக்கிளில் மூன்று பேர் ஏறுவது, கை காட்டாமல் திரும்புவது, சிவப்பு விளக்கில் நிற்காமல் நழுவுவது எல்லாம் நம்மிடையே சர்வ சாதாரணம். கேட்டால் ஒரே பதில்: “சைக்கிள்தானே!” மோட்டார் சைக்கிளுக்கு லைசென்சு வேண்டும், சாலை வரி வேண்டும், இன்சூரன்சு வேண்டும். சைக்கிளோட்டியிடம் இவற்றைக் கேட்பாரில்லை. ஆகவே சட்டமும் தனக்கில்லை என்று அவர் எண்ணிக் கொள்கிறார். இந்த எண்ணம் தவறு. 1959-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சாலைப் போக்குவரத்து விதிகளும் சரி, 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் சரி, சைக்கிளோட்டியை விட்டுவைக்கவில்லை.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நமது நோக்கமன்று. போலீசுக்காரருக்கு வேலை குறைய வேண்டுமென்பதும் நமது கவலையன்று. இந்த விதிகளை மீறுவதால் நஷ்டப்படுகிறவன் யார்? ஏழைத் தொழிலாளியே. அதைத்தான் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அன்றும் இன்றும்

ஒரு காலத்தில் தொழிலாளியின் சைக்கிள் பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே ஓடியது. லயத்திலிருந்து பெரட்டுக் களம், அங்கிருந்து நிரை, நிரையிலிருந்து பால் ஸ்டோர். எதிரே வருவது மற்றொரு சைக்கிள், மிஞ்சினால் துரையின் கார். இன்றைய நிலை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல விற்கப்பட்டன, ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. லயங்கள் இடிக்கப்பட்ட இடங்களில் குடும்பங்கள் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. இதனால் வேலைக்குப் போகும் வழி தோட்டத்தை விட்டு வெளியேறி, கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. வழி மாறிவிட்டது, நம் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. கடிகாரத்தைத் தள்ளலாம், சூரியனைத் தள்ள முடியுமா? நம் நாட்டில் பொழுது விடிய ஏறக்குறைய ஏழு மணியாகிறது. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படுபவரும், ஆறரைக்குப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையும் இருட்டில்தான் போகிறார்கள். பகலில் போவதாக நினைத்துக்கொண்டு இரவில் பயணம் செய்கிறோம்.

ஒரு விளக்கின் விலை

இதை எழுதுபவன் ஒரு தோட்டக் கிராணி. செக்ரோல் எழுதும் பேனாவாலேயே விபத்து அறிக்கைகளும் எழுதியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றை மறக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய ஒரு பெரியவர். விளக்குப் போடச் சொன்னால் சிரிப்பார். “தம்பி, கண்ணைக் கட்டி விட்டாலும் இந்தப் பாதையில போயிடுவேன்” என்பார். உண்மைதான். பாதை அவருக்குத் தெரியும். அவர் வருவது லாரி ஓட்டிக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு நாள் அந்திக்குப் பின் கடைக்குப் போய் வரும்போது லாரி இடித்துக் கால் முறிந்தது. வேலைக்குப் போன வழியில் நடந்ததன்று. ஆகவே சொக்சோ கைகொடுக்கவில்லை. லாரிக்காரர் மீது வழக்குத் தொடுத்தோம். லாரி வேகமாக வந்தது மெய்யே. ஆனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் சைக்கிளில் விளக்கு இருந்ததா?” என்பதுதான். பெரியவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. “இல்லைங்க ஐயா” என்றார். கிடைக்க வேண்டிய நஷ்ட ஈட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு சொல்லில் போயிற்று. வீடு திரும்பும் வழியில் அவர் என்னிடம் கேட்டார்: “ஒரு விளக்கு என்ன விலை, தம்பி?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. விபத்தில் அடிபட்டவர் மீதும் ஒரு பங்கு தவறு இருக்குமானால், அந்த அளவுக்கு நஷ்ட ஈட்டைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நஷ்ட ஈடு 60,000 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். உங்கள் பங்குத் தவறு நூற்றுக்கு 40 என்று தீர்ப்பானால், 24,000 வெள்ளி கழிந்து 36,000 வெள்ளிதான் கைக்கு வரும். ஒரு வெள்ளிச் சம்பள உயர்வுக்கு எத்தனை மாதம் பேச்சுவார்த்தை நடத்துகிறோம்! சில வெள்ளி விளக்குக்காக இவ்வளவையும் இழக்கலாமா?

சொக்சோ விஷயமும் தெரிந்திருக்க வேண்டியதே. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே நேர்வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். சொந்தக் காரியத்துக்காக இடையில் வழி மாறினால் அந்தப் பாதுகாப்பு அறுந்து போகும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களில் பலர் பழைய சைக்கிள் வாங்கி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

எட்டுப் பிள்ளைகள்

2017 பிப்ரவரி 18. ஜொகூர் பாருவில் விடியற்காலை மூன்று மணியளவில், ‘பாசிக்கால் லாஜாக்’ எனப்படும், மாற்றியமைத்த சைக்கிள்களில் சாலையில் கூடியிருந்த சிறுவர்கள் மீது கார் ஒன்று மோதியது. எட்டுப் பேர் மாண்டனர். எல்லாரும் 13 வயது முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள். காரோட்டிய பெண்மணி மீது வழக்கு நடந்தது. கீழ்நீதிமன்றம் விடுவித்தது, 2022-இல் உயர்நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நாடே இரண்டுபட்டு வாதாடியது. ஆறு ஆண்டுகள் சட்டம் பேசிய பிறகும், எட்டுத் தாய்மாரில் ஒருத்திக்காவது பிள்ளை திரும்பி வந்ததா?

சைக்கிளை மாற்றியமைத்து, பிரேக்கைக் கழற்றி, சாலையில் பாய்வதைப் பிள்ளைகள் வீரமென்று நினைக்கிறார்கள். நம் தாமான்களிலும் இந்த வழக்கம் எட்டிப் பார்க்கிறது. பெற்றோர்களே, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. வாரம் ஒரு முறை அதன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். இரவில் சைக்கிள் வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் பங்கும் நிர்வாகத்தின் பங்கும்

“லாரிக்காரனைப் பிடிக்காமல் எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டீர்களா?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் நியாயம் உண்டு. வேகமாக ஓட்டும் லாரியையும், நிறைக்கு மேல் ஏற்றும் முதலாளியையும் சட்டம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், அவர் குற்றத்தைக் காட்டி நம் குற்றத்தை மறைக்க முடியாது. ஓர் ஒப்பந்தத்தில் முதலாளி விதியை மீறினால் நாம் விடுகிறோமா? விதியை அவருக்கு எடுத்துக் காட்டுகிறோம். அப்படிக் காட்டும் கை சுத்தமாக இருந்தால்தான் வாதம் நிற்கும். விளக்குப் போட்டு, இடப்பக்கம் ஓரமாகச் சென்ற தொழிலாளியை லாரி இடித்தால், அவர் பேச்சை யாரும் குறுக்கே மறிக்க முடியாது.

சிங்கப்பூரில் 2022 ஜனவரி 1 முதல், சாலை விதியை மீறும் சைக்கிளோட்டிக்குரிய அபராதம் 75 வெள்ளியிலிருந்து 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அபராதம் வந்த பிறகுதான் நமக்கு அறிவு வர வேண்டுமா? நம் தொழிலாளர் தாமாகவே முந்திக்கொள்ளட்டும்.

ஆகவே, கிளைத் தலைவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கும் சிவப்புக் கண்ணாடியும், இரு பிரேக்கு, ஒரு பெல் ஆகியவை உறுப்பினர் ஒவ்வொருவர் சைக்கிளிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்க இயலாதவருக்குக் கிளை நிதியிலிருந்து உதவுங்கள். சாலையில் நடப்பவர் வாகனத்தை எதிர்நோக்கி வலப்பக்கம் நடக்கலாம். சைக்கிளோட்டி இடப்பக்கமே போக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அதோடு நிற்காதீர்கள். தோட்ட முனையில் ஒரு விளக்குக் கம்பம் நடவும், பார்வையை மறைக்கும் லாலானை வெட்டவும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். சாலை ஓரத்தை அகலப்படுத்தப் பொதுப்பணித் துறைக்கு மனுப் போடுங்கள். நகல் ஒன்றைக் கிளைக் கோப்பில் வையுங்கள். நாளை ஒரு விபத்து நேர்ந்தால் அந்தக் காகிதம் பேசும்.

சைக்கிள் நம் வாகனம். அதன் டயரில் இருப்பது நம் முன்னோர் சீவிய பால். அந்தச் சக்கரத்தில் ஏறிப் போகும் நம் தொழிலாளி, போன வழியே பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். இன்று மாலையே கடைக்குப் போய் ஒரு விளக்கு வாங்குங்கள். நாளைக் காலை மணி ஆறுக்கு, அந்த முனையில் உங்களை எல்லாரும் காணட்டும்.