மர்மரா: தேங்கிய நீரின் பாடம்

2021 கோடையில் துருக்கியின் மர்மரா கடலைச் சளிப் படலம் மூடியது. மக்கள் அதைக் 'கடல் எச்சில்' என்றனர். வெப்பமும் ஒரு காரணம்தான். ஆனால் இஸ்தான்புல் போன்ற நகரங்களின் கழிவுநீரில் பெரும்பகுதி, திடக்கழிவு மட்டும் வடிகட்டப்பட்டு, பல்லாண்டுகளாக ஆழ்கடலில் விடப்பட்டது. அடிநீரோட்டம் அதைக் கருங்கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்பது கணக்கு. (பக்கத்து வீட்டு வாசலில் குப்பையைத் தள்ளும் கணக்கு!)

மர்மராவோ இரு குறுகிய நீரிணைகளுக்கிடையே அடைபட்ட கடல். கழிவின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அங்கேயே சேர்ந்து நுண்பாசிகளைப் பெருக்கின. ஆழத்தில் ஆக்ஸிஜன் குறைந்தது.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த ஹதீஸை உளூ, குளிப்புச் சட்டமாக மட்டுமே நாம் ஓதி வந்திருக்கிறோம்.

அரசு படலத்தை அள்ளியது. அவ்வாண்டு நவம்பரில் மர்மராவைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. 2025இல் படலம் மீண்டும் தென்பட்டது.