கைத்திறனுக்கும் சான்று வேண்டும்

கேள்வி: நானும் கணவரும் உப்பளத்தில் கூலி வேலை செய்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். மோட்டார் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்கிறேன் என்கிறான். ஆசிரியரோ ஐ.டி.ஐ.யில் சேர்க்கச் சொல்கிறார். அதுவரை அவன் வருமானம் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
- ஒரு வாசகி, மரக்காணம்

பதில்: அம்மா, பட்டறையில் கற்பதும் கல்விதான். உங்கள் தொழிலையே பாருங்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி. வெயிலில் சுண்டி 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரிக்குப் போனால் கசப்பு நீர், வடித்துவிட வேண்டும். பாத்தியை மிதித்துக் கெட்டியாக்குவது முதல் உப்பு வாருவது வரை எல்லாமே மூத்தவர்களோடு நின்று பழகியதுதானே?

ஆனால் அந்தத் திறமைக்குச் சான்று இல்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் வெளியே போனால் கூலியாள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி மூழ்கினால் வருமானமும் நின்றுவிடுகிறது. மகனுக்கும் இந்த நிலை வர வேண்டாம்.

ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலெக்ட்ரீசியன் பிரிவுகள் 2 ஆண்டு. டீசல் மெக்கானிக், வெல்டர் பிரிவுகள் 1 ஆண்டுதான். மகனின் விருப்பத்துக்கும் உங்கள் நிலைக்கும் டீசல் மெக்கானிக் பொருந்தும். உப்பளத்திலும் வயலிலும் என்ஜின் பழுது பார்க்க எப்போதும் ஆள் தேவை. அரசு ஐ.டி.ஐ.யில் தமிழக அரசு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் தருகிறது. இது கூலிக்கு ஈடாகாது. ஆனால் விடுமுறை நாட்களில் அவன் பட்டறைக்கும் போகலாம், கையும் பழகும்.

தேறியபின் 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு நிறுவனத்தில் பழகுநராகச் சேரலாம். 2019இல் திருத்திய விதி, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் என நிர்ணயித்தது. பயிற்சி முடித்துத் தேர்வில் வென்றால் தேசியச் சான்றிதழ் கிடைக்கும், வெளியூரிலும் செல்லும்.

சேருமுன் மூன்றைக் கவனியுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். மகனுக்கு 18 வயது நிறையாவிட்டால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். வேலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெற அவனுக்கு உரிமை உண்டு. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்றுடன் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.க்கு இப்போதே போய், எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். சேர்க்கைக்குக் கடைசித் தேதி உண்டு. தவறினால் ஓராண்டு வீணாகும்.